எத்தனை லட்சம்னு கேக்காதீங்க, எத்தனை மணிநேரம்னு கேளுங்க

பைலட் சம்பளம் பத்தி பேப்பர்ல வர்ற நம்பர் எல்லாமே பாதி நம்பர்தான். "கேப்டனுக்கு மாசம் 7.5 லட்சம்"னு தலைப்பு போடுவாங்க, அதைப் பாத்துட்டு ஊர்லேர்ந்து பெரியப்பா போன் பண்ணி "ஏம்ப்பா, நீ எப்ப கேப்டன் ஆவ"ன்னு கேப்பாரு. அந்த 7.5 லட்சத்துக்குப் பின்னாடி "75 மணிநேரம் பறந்தா"ன்னு ஒரு வால் இருக்கும், அது அவர் கண்ணுல படாது. இது நானா கட்டி விட்ட நம்பர் கிடையாது, 2023 மே மாசம் ஸ்பைஸ்ஜெட் அறிவிச்சது அப்படியேதான். அதுக்கு எட்டு மாசம் முன்னாடி, 2022 செப்டம்பர்ல, அதே ஏர்லைன் கிட்டத்தட்ட 80 பைலட்டுங்களை மூணு மாசம் சம்பளம் இல்லாத லீவுல அனுப்பிச்சு. ஒரே கம்பெனி, ஒரே வேலை. ஒரு வருஷத்துக்குள்ள ஒருத்தன் கையில சைபரும் வரலாம், ஏழரை லட்சமும் வரலாம்.

நான் ஒரு இந்திய ஏர்லைன்ல ஏ320 விமானம் ஓட்டுற ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது சீட்ல உக்கார்ற கோ-பைலட். எந்த ஏர்லைன்னு சொல்லப் போறதில்ல, சொன்னா நாளைக்குக் காலையிலயே மெயில் வந்து நிக்கும். கமாண்டுக்கு, அதாவது கேப்டனோட இடது பக்க சீட்டுக்கு, காத்துக்கிட்டு இருக்கேன். இன்னொரு ஏர்லைன்லேர்ந்து ஆஃபர் ஒண்ணு வந்திருக்கு. அதை வச்சுக்கிட்டு யோசிச்சது, க்ரூ ரூம்ல பேசினது, லேஓவர்ல சீனியர் கேப்டனுங்க கிட்ட கேட்டது எல்லாத்தையும் சேத்துதான் இதை எழுதுறேன், ஏன்னா இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிற பசங்களுக்கு இதை யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல, ஃப்ளையிங் ஸ்கூல் விளம்பரத்துல நிச்சயமா சொல்ல மாட்டாங்க.

முதல்ல சம்பளம் எப்படி வருதுன்னு பாத்துடலாம். பேசிக் மாதிரி கொஞ்சம் இருக்கும், மிச்சமெல்லாம் ஃப்ளையிங் அலவன்ஸ். அது மணிக்கணக்கு. மணின்னா ட்யூட்டில இருக்குற நேரம்னு நினைச்சுடாதீங்க, ப்ளாக் டைம், அதாவது விமானம் நின்ன இடத்துலேர்ந்து நகர ஆரம்பிச்சதுலேர்ந்து போய் இறங்கி நிறுத்துற வரைக்கும். டெல்லில ஜனவரி மாசம் பனிமூட்டத்துல விடிகாலை நாலு மணிக்கு ரிப்போர்ட் பண்ணி, அஞ்சு மணிநேரம் டெர்மினல்ல உக்காந்து, கடைசில ஃப்ளைட் கேன்சல்னு சொல்லி அனுப்பினா அன்னைக்கு நீங்க பறந்த நேரம் சைபர். சிமுலேட்டர் செக்குக்குப் போற நாள், லீவு, உடம்பு சரியில்லாத நாள், கம்பெனி விமானம் இஞ்சின் இல்லாம ஹேங்கர்ல நிக்கிற மாசம், இது எதுலயும் மணி ஏறாது.

அதனாலதான் கேரண்டீட் அவர்ஸ்னு ஒரு விஷயம் இருக்கு. இத்தனை மணிநேரத்துக்குக் காசு உறுதி, நீ பறந்தாலும் பறக்காட்டியும். இந்தத் தொழில்ல உண்மையான சம்பளம் இதுதான்னு நான் சொல்வேன். மணிக்கு எவ்ளோன்றது அதுக்கப்புறம்.

ஏர் இந்தியாவுல பழைய கணக்கு 70 மணிநேரம். கோவிட் வந்தப்போ அது 20 ஆச்சு. டாடா 2022 ஜனவரி 27ஆம் தேதி கம்பெனியை கையில எடுத்துட்டு, 2023 ஏப்ரல்ல புது சம்பள அமைப்பு கொண்டு வந்தப்போ 40ன்னு வச்சாங்க. செய்தியில எல்லாம் "20லேர்ந்து 40 ஆக்கிட்டாங்க, டபுள்"னு வந்துச்சு, பைலட்டுங்க "70லேர்ந்து 40 ஆக்கிட்டாங்க"ன்னு படிச்சாங்க. அங்க இருந்த ரெண்டு சங்கமும், ஐசிபிஏவும் ஐபிஜியும், கையெழுத்துப் போடாதீங்கன்னு சொன்னாங்க, ஆயிரத்துக்கும் மேல பைலட்டுங்க சேந்து ரத்தன் டாடாவுக்கே மனு எழுதினாங்க.

அடுத்த வருஷம் அதே 40 விஸ்தாராவுக்கு வந்துச்சு. ஏர் இந்தியாவோட இணையப் போறாங்க, அதனால ரெண்டு பக்கமும் ஒரே காண்ட்ராக்ட்னு. அங்கயும் அதுவரைக்கும் 70. மணிக்கு 5,000 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வச்சுப் பாருங்க (இது யாரோட ரேட்டும் இல்ல, கணக்குக்கு மட்டும்), உறுதியான 3.5 லட்சம் ஒரே கையெழுத்துல 2 லட்சம் ஆகுது. ஈஎம்ஐ மட்டும் அதே 3.5 லட்சத்தைப் பாத்து வாங்கினது. இத்தனாம் தேதிக்குள்ள கையெழுத்து போடணும்னு கெடு வேற. பெரும்பாலானவங்க போட்டாங்க. ஆனா 2024 மார்ச் கடைசிலயும் ஏப்ரல் முதல் வாரத்துலயும் திடீர்னு நிறைய பேருக்கு உடம்பு சரியில்லாம போச்சு, ஃப்ளைட் வரிசையா கேன்சல் ஆச்சு, விஸ்தாராவே ஒரு நாளைக்கு 25லேர்ந்து 30 ஃப்ளைட் வரைக்கும் குறைச்சுக்க வேண்டி வந்துச்சு. அந்த வருஷம் நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரான்ற பேரே போயிடுச்சு.

மேனேஜ்மெண்ட் சொல்ற பதில் என்னன்னா, நீ எப்படியும் 40க்கு மேலதான் பறக்கப் போற, மேல பறக்குறதுக்கு தனியா காசு வருமே, அப்புறம் என்னன்னு. கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கும், நல்ல காலத்துல அது நிஜமும் கூட. ஆனா எப்படியும் பறப்பான்னு அவ்ளோ நிச்சயமா தெரிஞ்சா 70ன்னே எழுதிக் குடுத்துட்டுப் போலாமே. எழுதாததுக்குக் காரணம் இருக்கு, பறக்க முடியாத மாசம் வரும்னு அவங்களுக்கும் தெரியும், அந்த மாசத்து நஷ்டம் யார் வீட்டு ஈஎம்ஐல விழணும்ன்றதுதான் அந்த 30 மணிநேர வித்தியாசம்.

அமெரிக்கால எப்படின்னு நம்மாளுங்க அடிக்கடி பேசிக்குவாங்க, டெல்டால அவ்ளோ, யுனைடெட்ல இவ்ளோன்னு. அங்க தொகை பெருசுதான், ஆனா காத்திருப்பும் பெருசு. அவங்களுக்கு ரயில்வே லேபர் ஆக்ட்னு 1926ல வந்த சட்டம், 1936ல ஏர்லைனுக்கும் நீட்டினாங்க. அதுப்படி பைலட் காண்ட்ராக்ட் காலாவதி ஆகவே ஆகாது. ஒரு தேதிக்கு அப்புறம் திருத்தலாம்னு வரும், அவ்ளோதான். புதுசு கையெழுத்து ஆகுற வரைக்கும் பழைய ரேட்லயே ஓட்டணும், மத்தியஸ்த போர்டு விடுவிக்காம ஸ்ட்ரைக் பண்ணவும் முடியாது. டெல்டா காண்ட்ராக்ட் 2019 கடைசிலயே திருத்தத்துக்கு வந்துடுச்சு, கையெழுத்தானது 2023 மார்ச்ல. மொத்தமா 34 சதவீதம் ஏத்தம், அதுல 18 உடனே, தள்ளிப்போன வருஷங்களுக்கு தனியா ஒரு தொகை. சவுத்வெஸ்ட்ல 2020ல திருத்தத்துக்கு வந்தது 2024 ஜனவரில முடிஞ்சுது, அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 50 சதவீதம். ஃபெடெக்ஸ்ல 2023 ஜூலைல வந்த ஒப்பந்தத்தை பைலட்டுங்களே ஓட்டுப் போட்டு 57 சதவீதத்துல தள்ளிட்டாங்க, இன்னும் நல்லதா வரும்னு, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா இழுத்துச்சு.

இதுல எனக்கு உறைக்கிற விஷயம் வயசு. 65ல ஓய்வு, அங்கயும் சரி இங்கயும் சரி. 62 வயசு கேப்டனுக்கு மூணு வருஷ தாமதம்னா புது ரேட்டை அவர் பாக்கவே மாட்டார். 30 வயசு ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அதே மூணு வருஷம் கடைசில லாபமாக் கூட முடியும். ஒரே சங்கத்துல ரெண்டு பேரும் ஓட்டுப் போடுறாங்க, ஒருத்தருக்கு "இப்பவே முடி"ன்னு இருக்கும், இன்னொருத்தருக்கு "இன்னும் கேளு"ன்னு இருக்கும். காண்ட்ராக்ட் தாமதம்னா எல்லாருக்கும் ஒரே வலின்னு நினைக்கிறது தப்பு.

நம்ம ஊர்ல இந்த மாதிரி பேச்சுவார்த்தை, ஓட்டெடுப்பு எல்லாம் தனியார் ஏர்லைன்ல கிட்டத்தட்ட கிடையாது. ஒருநாள் மெயில் வரும், அதுல புது டெர்ம்ஸ் இருக்கும், "ஐ அக்செப்ட்"னு ஒரு பட்டன் இருக்கும். அரசு ஏர் இந்தியாவா இருந்தப்போ சங்கத்துக்குக் கொஞ்சம் கை இருந்துச்சு. 2007ல ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேத்தாங்க, சம்பளத்தையும் சீனியாரிட்டியையும் மட்டும் சேக்கல, அதுல ஆரம்பிச்சது வினை. 2011ல பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுங்க சம சம்பளம் கேட்டு பத்து நாள் ஸ்ட்ரைக். 2012ல பழைய ஏர் இந்தியா பைலட்டுங்க 58 நாள் ஸ்ட்ரைக், அவங்களுக்கு என்ன கோவம்னா புதுசா வந்த 787 ட்ரீம்லைனர் ட்ரெயினிங்கை அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கும் தர்றாங்கன்னு. வெளிய இருக்குறவங்களுக்கு இது அற்பமாத் தெரியும். உள்ள இருக்குறவனுக்கு வைட்பாடி, அதாவது 787 மாதிரி பெரிய விமானம், முன்னாடி கிடைக்குதா பின்னாடி கிடைக்குதான்றது மிச்ச சர்வீஸ் முழுக்க வாங்கப் போற சம்பளம். நீதிபதி தர்மாதிகாரி தலைமைல கமிட்டி போட்டுத்தான் அந்தச் சிக்கலை அவிழ்க்கப் பாத்தாங்க. அதைப் பக்கத்துலேர்ந்து பாத்த சீனியர் ஒருத்தர், நம்ம திருநெல்வேலிக்காரர், இப்ப எங்க கம்பெனிலதான் இருக்காரு, ஒரு லேஓவர்ல டின்னருக்கு உக்காந்தப்போ சொன்னாரு, "தம்பி, மெர்ஜர்னு பேச்சு வந்தா சம்பளத்தை விடு, சீனியாரிட்டி லிஸ்ட்ல உன் பேரு எத்தனாவதுன்னு பாரு." விஸ்தாரா பசங்க 2024ல பயந்ததுல பாதி இந்த லிஸ்ட் பயம்தான்.

சரி, பிடிக்கலையா, வேற ஏர்லைனுக்குப் போயிடுன்னு சொல்றவங்களுக்கு. ஐடி கம்பெனி மாதிரி ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டுக் கிளம்ப முடியாது. விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவோட விதிப்படி 2017லேர்ந்து கேப்டனுக்கு ஒரு வருஷம், கோ-பைலட்டுக்கு ஆறு மாசம். அதுக்கு முன்னாடி கேப்டனுக்கும் ஆறு மாசம்தான் இருந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு சேர்ற ஆளுக்காக எந்தக் கம்பெனி சீட்டைக் காலியா வச்சிருக்கும்? அதுக்குள்ள அந்த ஏர்லைனே இருக்குமோ இருக்காதோ. இதோட ட்ரெயினிங் பாண்ட் வேற, உன்னை அந்த விமானத்துக்குத் தயார் பண்ணின செலவு, இத்தனை வருஷத்துக்குள்ள போனா இத்தனை லட்சம் எடுத்து வைன்னு.

இதை மீறிப் போனா என்ன ஆகும்ன்றதுக்கு 2023ல ஆகாசா கதை இருக்கு. 2022 ஆகஸ்ட்லதான் பறக்கவே ஆரம்பிச்ச கம்பெனி, ஒரு வருஷத்துல 43 பைலட்டுங்க நோட்டீஸ் முடிக்காம கிளம்பிட்டாங்க, ஃப்ளைட் நூத்துக்கணக்கில கேன்சல் ஆச்சு, கம்பெனி பாம்பே ஹைகோர்ட்லயும் டெல்லி ஹைகோர்ட்லயும் போய் நின்னுச்சு. டிஜிசிஏ அங்க என்ன சொல்லிச்சுன்னா, முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தத்துல நாங்க தலையிட முடியாதுன்னு. விதி போட்டது அவங்க, அமல்படுத்துறதுன்னு வந்தா அவங்க இல்ல. எனக்கு இதுல ரெண்டு மனசு. புது கம்பெனி அப்படி முடங்குறது அங்க வேலை பாக்குற மத்தவங்களுக்கும் கேடுதான், பயணிகள் பாடு சொல்லவே வேணாம். அதே சமயம் கம்பெனி ஒரு மெயில்ல என் சம்பளத்தை மாத்தலாம், நான் மட்டும் மாசக்கணக்கா கட்டுப்படணும்னா அது என்ன ஒப்பந்தம்.

ராஜினாமா குடுத்துட்டு மனசு மாறினாலும் ஆபத்துதான். சம்பளம் லேட்டா வருதுன்னு 2019ல ஏர் இந்தியாலேர்ந்து ராஜினாமா குடுத்த 40க்கு மேற்பட்ட பைலட்டுங்க நோட்டீஸ் காலத்துக்குள்ளயே அதை வாபஸ் வாங்கினாங்க. 2020 ஆகஸ்ட்ல, கோவிட் நடுவுல, வேற எங்கயும் வேலையே இல்லாத நேரத்துல, உங்க ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம்னு லெட்டர் குடுத்து அனுப்பிட்டாங்க. 2021 ஜூன்ல டெல்லி ஹைகோர்ட் அது செல்லாது, திரும்ப எடுங்கன்னு சொன்னுச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா நடுவுல பத்து மாசம் அந்த வீடுங்கள்ல எப்படி ஓடியிருக்கும்.

இன்னொரு பூட்டு லைசென்ஸ்லயே இருக்கு. டைப் ரேட்டிங், அதாவது ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனியா வாங்குற தகுதி. எந்த விமானம் ஓட்டுறியோ அதுதான் உன் சந்தை. 2019 ஏப்ரல் 17ஆம் தேதி ராத்திரி அமிர்தசரஸ்லேர்ந்து மும்பைக்கு ஜெட் ஏர்வேஸ் கடைசி ஃப்ளைட் வந்துச்சு. மாசக்கணக்கா சம்பளம் வராம, ஸ்டேட் பேங்க் கிட்டயும் பிரதமர் கிட்டயும் 1,500 கோடி விடுங்கன்னு கெஞ்சிட்டு நின்ன பைலட்டுங்க மறுநாள் வேலை தேடினாங்க. ஜெட்ல நிறைய 737. அதை அப்ப இந்தியால ஓட்டினது ஸ்பைஸ்ஜெட்டும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும்தான். இண்டிகோ, கோ ஏர், விஸ்தாரா எல்லாம் ஏ320. 777 கேப்டனா இருந்தவருக்கு ஏர் இந்தியாவை விட்டா இந்தியால போக இடமே இல்ல. இருபது வருஷ அனுபவத்தை மூட்டை கட்டி வச்சுட்டு, குறைஞ்ச சம்பளத்துக்கு, சில பேரு இடது சீட்லேர்ந்து வலது சீட்டுக்கே திரும்பிப் போனாங்க. கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல நின்னுச்சு, ஜெட் 2019ல, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம். கோ ஃபர்ஸ்ட் நின்னதுக்கு அப்புறமும் போயிடாதீங்க, கேப்டனுக்கு மாசம் ஒரு லட்சம் கூடத் தர்றோம்னு சொன்னாங்க. வரவேண்டிய சம்பளமே வரல, அதுக்கு மேல ஒரு லட்சம்! ஏ320 பசங்கன்றதால அவங்க பரவால்ல, வேற இடம் கிடைச்சுது.

அப்ப எங்க போறது? இண்டிகோ 2023 ஜூன்ல ஒரே நாள்ல 500 விமானம் ஆர்டர் போட்டாங்க, ஏர் இந்தியா அந்த வருஷம் பிப்ரவரில 470. விமானம் வந்தா கமாண்ட் சீக்கிரம் வரும், வலது சீட்டுக்கும் இடது சீட்டுக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். அதனால ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு இன்னைக்கு ஆஃபர் லெட்டர்ல இருக்குற சம்பளம் பெரிய விஷயமே இல்ல, கமாண்ட் எப்போன்றதுதான் கேள்வி. மாசம் 50,000 கூடக் கிடைக்குதுன்னு மாறிப்போய் அங்க சீனியாரிட்டில கடைசில நின்னு கமாண்ட் ரெண்டு வருஷம் தள்ளிப்போனா, போட்டதை விட எடுத்தது குறைச்சல். என் பேட்ச்மேட் ஒருத்தன் ஒரு சின்ன ஏர்லைனுக்குப் போயி எனக்கு முன்னாடியே கேப்டன் ஆயிட்டான், இப்ப அவன் கம்பெனில சம்பளம் இருபதாம் தேதி வருது, சில மாசம் அதுவும் பாதியா வருது. தோள்ல நாலு பட்டை போட்டிருக்கான். பாவம், அதை மாட்டிக்கிட்டு என்கிட்ட கைமாத்து கேட்டான்.

பெரிய கம்பெனின்னா நிம்மதின்னும் சொல்லிட முடியாது. 2025 டிசம்பர் முதல் வாரம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இண்டிகோ ஃப்ளைட் ஆயிரக்கணக்கில கேன்சல் ஆகி ஏர்போர்ட் எல்லாம் பெட்டி மலையா குவிஞ்சுது. காரணம் புது ட்யூட்டி நேர விதி. வாரத்துக்கு 36 மணிநேரமா இருந்த ஓய்வு 48 ஆச்சு, ராத்திரில ஆறு லேண்டிங் வரைக்கும் இருந்தது ரெண்டு ஆச்சு. 2024 ஜனவரிலயே அறிவிச்ச விதி, ஏர்லைன்ஸ் எதிர்ப்பால தள்ளித் தள்ளி, கோர்ட் வழியா 2025 ஜூலைலயும் நவம்பர்லயும் ரெண்டு கட்டமா வந்துச்சு. ரெண்டு வருஷம் டைம் இருந்தும் ஆள் எடுக்கல. இந்திய பைலட்டுங்க கூட்டமைப்பு அப்ப வெளிப்படையாவே சொன்னுச்சு, ஆள் எடுக்குறதை நிறுத்தி வச்சாங்க, சம்பளத்தை உறைய வச்சாங்க, ஒருத்தர் ஆளை ஒருத்தர் எடுக்கக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டாங்கன்னு. கடைசில விதியைத்தான் 2026 பிப்ரவரி 10 வரைக்கும் இண்டிகோவுக்குத் தளர்த்தினாங்க. ஓய்வு கேட்டது பைலட்டு, திட்டு வாங்கினதும் பைலட்டு. ஏர்போர்ட்ல யூனிபார்மோட நடக்கவே சங்கடமா இருந்துச்சு அந்த வாரம்.

கல்ஃப் பத்தி கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க. எமிரேட்ஸ், கத்தார்ல வருமான வரி இல்ல, வீடு, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பாத்துக்குறாங்க, பெரிய விமானம் ஓட்டலாம். இந்தியாவே 2025ல சர்வதேச விமான அமைப்பு கிட்ட போய், எங்க பயிற்சி பெற்ற ஆளுங்களை வெளிநாட்டு ஏர்லைன்ஸ் தூக்கிட்டுப் போறாங்க, இதுக்கு நடத்தை விதி போடுங்கன்னு கேட்டுருக்கு, அந்த அளவுக்குப் போறாங்க. ஆனா 2020ல எமிரேட்ஸ் நூத்துக்கணக்கில பைலட்டுங்களை அனுப்பினதும் நடந்துச்சு. அங்க வேலை போனா விசாவும் போகும், பிள்ளைங்களை ஸ்கூல் வருஷ நடுவுல தூக்கிக்கிட்டு வரணும். எங்க வீட்ல அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது, எனக்கு அந்தக் கதவு இப்போதைக்கு இல்ல, இருந்திருந்தா யோசிச்சிருப்பேன்னு ஒத்துக்குறேன்.

என் சித்தி பையன் இப்ப சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், படிக்கப் போறேன்னு நிக்கிறான். 50 லட்சத்துலேர்ந்து ஒரு கோடி வரைக்கும் ஆகும், ஏர்லைனோட சேந்து நடத்துற கேடட் ப்ரோக்ராம்னா இன்னும் மேல. சித்தப்பா வயலை வித்துடலாம்னு சொல்றாரு. "அண்ணே, எந்த ஏர்லைன் பெஸ்ட்டு?"ன்னு அவன் கேட்டான். 200 மணிநேரம் முடிச்சு, லைசென்ஸ் வாங்கி, வேலைக்கு வர்றதுக்குள்ள இப்ப இருக்குற ஏர்லைன்ல எது இருக்கும்னு எனக்குத் தெரியாதுடான்னு சொன்னேன். வயலை மொத்தமா விக்க வேணாம், செலவுல பாதியாவது லோன்ல போகட்டும், முதல்ல பைலட்டுக்கான க்ளாஸ் ஒன் மெடிக்கல் டெஸ்ட் எடுத்துப் பாரு, கண்ணோ காதோ இடிச்சா பணம் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்னும் சொன்னேன். சித்தப்பாவுக்கு நான் அவனைத் தடுக்குறேன்னு வருத்தம்.

எனக்கு வந்த ஆஃபர் லெட்டர்ல மணிக்கு ரேட் இப்ப வாங்குறதை விட நல்லாவே இருக்கு. கேரண்டீட் அவர்ஸ்ன்ற இடத்துல "கம்பெனி பாலிசிப்படி"ன்னு இருந்துச்சு. அந்தப் பாலிசி எத்தனை மணிநேரம், என் பேட்ச் ஆளுங்களுக்கு கமாண்ட் எப்போ, பாண்ட் எத்தனை வருஷம்னு கேட்டு மெயில் போட்டேன். பாண்டுக்கு மட்டும் உடனே பதில் வந்துச்சு.